வெள்ளைக்கு நீலம்

புது டிவி வந்த அன்று ரிமோட்டை யாருக்கும் தராமல் உட்கார்ந்திருந்தேன். படம் பார்க்க அல்ல, செட்டிங்ஸ் பார்க்க. மெனுவுக்குள் மெனுவாகப் புகுந்ததில் ஒரு மூலையில் 'கலர் டெம்பரேச்சர்' அகப்பட்டது. கூல், ஸ்டாண்டர்டு, வார்ம் 1, வார்ம் 2.

"டிவிக்குக்கூட ஜுரம் வருமா?" என்றாள் மனைவி. கேட்டிருக்கக் கூடாது. எனக்கு விஷயம் தெரியும்.

"கொல்லன் பட்டறையில இரும்பு காயறதைப் பாத்திருக்கியா? முதல்ல சிவப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. அதுக்கும் மேல சூடேறின நட்சத்திரத்துல நீலம் ஓடும். அந்தச் சூட்டைத்தான் கெல்வின் கணக்குல சொல்றாங்க. செக்கச்செவேல்னு மின்னுதே திருவாதிரை நட்சத்திரம், அது ஏறக்குறைய 3,500 கெல்வின். நம்ம சூரியன் 5,800."

"அப்போ நீலம்தான் அதிகச் சூடு?"

"ஆமா."

"பின்னே ஏன் நீலத்துக்குக் கூல்னும் மஞ்சளுக்கு வார்ம்னும் போட்டிருக்கான்?"

தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். "கணக்குப் போட்டவன் விஞ்ஞானி, பேர் வெச்சவன் ஓவியன்."

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் விடவில்லை. படத்துக்கு நிறம் சேர்ப்பவர்கள் வெள்ளை என்று வைத்துக்கொள்வது 6,500 கெல்வின். கூல் என்றால் பெரும்பாலும் 9,000-ஐத் தாண்டிவிடும். கடை வெளிச்சத்தில் நாலு டிவிக்கு நடுவே பளிச்சென்று தெரிய அந்த நீலம் உதவும், வீட்டுக்கு எதற்கு? 6,500-க்குப் பக்கத்தில் வருவது வழக்கமாக வார்ம் 2தான். மாற்றினேன்.

இரவு எட்டு மணி சீரியலில் மருமகள் வந்து நின்றாள். "ஐயையோ, இவளுக்கு எப்ப மஞ்சக்காமாலை வந்துச்சு?" என்றாள் அம்மா. மாமனாரின் வேட்டி உப்புத்தண்ணீரில் துவைத்ததுபோல் இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

"கண்ணு பழகணும்மா. குண்டு பல்பு வெறும் 2,700 கெல்வின். அதுல படிச்சப்போ நோட்டுத் தாள் மஞ்சளாவா தெரிஞ்சுது? எது வெள்ளைன்னு மூளையே முடிவு பண்ணிக்கும். பத்து நாள் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டார்கள். தினமும் சாயங்காலம் திரையைக் காட்டி, "பாரு, இப்பத்தான் மனுஷன் முகம் மனுஷன் முகமா இருக்கு" என்பேன். மாமியாரும் மருமகளும் சேர்ந்து தலையாட்டுவார்கள். அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். இருவரும் ஒரே விஷயத்துக்குத் தலையாட்டியது இந்த வீட்டுச் சரித்திரத்தில் அதற்கு முன் இல்லை.

ஒரு மாதம் கழித்து நண்பர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவருக்கும் இரும்பிலிருந்து ஆரம்பித்து, திருவாதிரை வழியாக 6,500-க்கு அழைத்து வந்து, பெருமையாக மெனுவைத் திறந்தேன்.

கூல்.

"இதை எப்ப மாத்தினே?"

"நீங்க மாத்தின மறுநாள் காலையிலயே" என்றாள் மனைவி, காபியை நீட்டியபடி. கண் பழகிவிடும் என்று நான் சொன்னது பொய்யில்லை. என் கண் அப்படிப் பழகியிருந்தது.

அம்மா சீரியலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. "இவங்கப்பா வேட்டிக்கு நாப்பது வருஷமா சொட்டு நீலம் போட்டு அலசினவ நான். வெள்ளை எப்படி வருதுன்னு எனக்குப் பாடம் எடுக்கறான்."

நண்பர் குனிந்து தன் வேட்டியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.