மாதம் ஏற ஏற மராமத்து

கேள்வி: ரத்தக்குழாயைப் பழுதுபார்க்கும் செல்கள் கர்ப்ப காலத்தில் பெண்களுக்கு அதிகமாகுமாமே, உண்மையா?

பதில்: மாதம் ஏற ஏற இந்தச் செல்களும் ஏறுவதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. வேலை அப்படி! உடம்பில் ஓடும் ரத்தமே ஏறக்குறைய 45 சதவீதம் கூடிவிடுகிறது. கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு 50 மில்லி போல ஓடிய ரத்தம், நிறைமாதத்தில் 500 மில்லியைத் தாண்டும். பழைய குழாயில் புது வெள்ளம், கொத்தனார் வேண்டாமா?

அந்தக் கொத்தனார்களைத்தான் 1997-இல் பாஸ்டனில் தகாயுகி அசஹாராவும் கூட்டாளிகளும் அடையாளம் காட்டினார்கள். ரத்தத்தோடு சுற்றிவந்து, குழாயின் உட்சுவர் சேதமான இடத்தில் உதவும் முன்னோடிச் செல்கள். நேரே சுவர் எழுப்புபவை எவை, சும்மா மேஸ்திரி வேலை பார்ப்பவை எவை என்று விஞ்ஞானிகள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எண்ணிக்கையும் ஆய்வுக்கு ஆய்வு மாறும், ஆளுக்கொரு அடையாளம் வைத்து எண்ணுவதால். ஈஸ்ட்ரோஜன் இவற்றை எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளப்பிவிடுகிறது என்பது வரை தெரிகிறது.

கர்ப்பகால ரத்தக்கொதிப்பின் தீவிர வகையான ப்ரீ-எக்லாம்சியாவில் இச்செல்கள் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டின, சில காட்டவில்லை. அது வந்த தாய்மாருக்குப் பிற்காலத்தில் இதயநோய் அபாயம் அதிகம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ஆகவே, வளைகாப்புக்கு நாள் பார்க்கிறீர்களோ இல்லையோ, பிரஷர் பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள்.