கம்போளத்து லேப்டாப் மாமா

கவுன்சிலிங் முடிந்து கோணத்திலோ சுங்கான்கடையிலோ பிள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு உறுதியானால் போதும், கோட்டாற்றில் அந்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து உட்காருபவர் லேப்டாப் மாமா. யாரும் கூப்பிட வேண்டாம். கம்போளத்தில் மல்லி, வத்தல் மொத்த வியாபாரம் பார்த்தாலும், சொந்தத்தில் எந்தப் பிள்ளை எந்த வருஷம் பிளஸ் டூ என்பது அவருக்கு அத்துபடி.

மாமாவின் கணினி ஞானம் பிறந்தது 2011 செப்டம்பருக்குப் பிறகு. அப்போது அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவர் மகனுக்கும் ஒன்று கிடைத்தது. மகன் அதில் படித்ததை யாரும் பார்த்ததில்லை. மாமா அதில் சீட்டாடியதைத் தெருவே பார்த்திருக்கிறது.

"எட்டு ஜிபி ராம் கொள்ளாது மக்கா. முப்பத்திரண்டு எடுப்போம்."

"மாமா, எனக்கு மெக்கானிக்கல்..."

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுகேன்."

மாமாவுக்கு ஐ7 என்றால் ஐ5-ஐ விட இரண்டு கூடுதல், கணக்கு முடிந்தது. தெரிந்த பையன் ஒருவன் விற்கும் பழைய ஐ7-8550யு எட்டாம் தலைமுறை, அதைவிடப் பன்னிரண்டாம் தலைமுறை ஐ5-1235யு வேகமானது என்று மெக்கானிக்கல் சேரப்போகும் மருமகள் சொல்லிப் பார்ப்பாள்.

"தலைமுறைல மூத்ததுக்குத்தான் மரியாதை, கேட்டியா?"

அடுத்து துபாயிலிருந்து ஊருக்கு வரும் ஆளுக்குப் போன் போகும். 18 வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரலாம் என்ற விதி மாமாவுக்கு மனப்பாடம். "மேக்புக் சொல்லிருக்கேன்" என்பார். சாலிட்ஒர்க்ஸ் விண்டோஸில்தான் ஓடும் என்று மருமகள் முனகுவாள்.

"ஓடாட்டி என்ன மக்கா, பைய நடக்கட்டும்."

கடைக்குள் நுழைந்ததும்தான் மாமா முழு உருவம் எடுப்பார். லேப்டாப்பைக் கையில் தூக்கி எடை பார்ப்பார். மூடியில் விரலால் சுண்டுவார். திறந்து, மூடி, கீல் சத்தத்துக்குக் காது கொடுப்பார். கனமான கேமிங் லேப்டாப் மேல்தான் அவருக்குப் பிரியம். கனம் குறைந்தால் சரக்கில் கோளாறு என்பது கம்போளத்து அனுபவம். சார்ஜரோடு மூன்று கிலோவைத் தினமும் பஸ்ஸில் சுமக்கப் போவது மருமகள் என்பது அவருக்குத் தோன்றாது. மூட்டை தூக்க ஆள் வைத்தே பழகியவர்.

"அடக்கவிலை என்ன தம்பி?"

"ஜிஎஸ்டியே 18 சதவீதம் அண்ணாச்சி."

"செரி, பில் இல்லாம சொல்லும்."

"பில் இல்லாட்டி வாரண்டி இல்ல அண்ணாச்சி."

பேரம் அத்தோடு விலையை விட்டு இறங்கிப் பைக்கும் மவுஸுக்கும் வரும். பல சமயம் இரண்டும் லேப்டாப்போடு சேர்ந்தே வருவதுதான். ஆனாலும் அரை மணி நேரம் வாதாடி, மாமா அவற்றை 'வாங்கிக் கொடுப்பார்'.

இதற்குள் மருமகள் தன் வேலையை முடித்திருப்பாள். 2021 பாடத்திட்டத்தில் படித்த சீனியர் அக்கா ஏற்கெனவே சொல்லிவிட்டாள்: முதல் செமஸ்டரில் பைத்தான்தான், அதற்கு எந்த லேப்டாப்பும் போதும், இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் என்பது ஷீட்டில் டிராஃப்டர் வைத்துக் கையால் வரைவது, 16 ஜிபி ராமும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் இருந்தால் நாலு வருஷம் தாங்கும். ஒன்றரைக் கிலோவில் அப்படி ஒன்றைக் காட்டி, "நீங்க சொன்னதுதானே மாமா இது?" என்பாள். மாமா ஒரு கணம் யோசிப்பார். "பின்னே?" என்பார்.

இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். அறுபதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்த அப்பாவுக்கு அன்று ராத்திரி தூக்கம் வர வேண்டுமே! "நல்ல சாதனம் மாப்ள, நான் பாத்து எடுத்தது" என்று உரத்த குரலில் சொல்ல ஒருவர் வேண்டும். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கடைக்காரருக்கே நிச்சயமில்லை, மாமாவுக்கு நிச்சயம்.

லேப்டாப் நாகராஜா கோயிலுக்குப் போய், மூடியில் சந்தனப் பொட்டோடு வீடு வந்து சேரும். ஒரு மாதம் கழித்து ஸ்கிரீன் கறுத்துப்போய் மாமாவுக்குப் போன் போட்டால், அன்றைக்கென்று பார்த்துக் கம்போளத்தில் லோடு வந்து இறங்கிக்கொண்டிருக்கும்.