உலகைக் காத்த பேரலைக்கு ஒரு பாராட்டு

'தசாவதாரம்' படத்தைப் பாராட்ட மட்டக்களப்பு வாவிக்கரையாரை விடத் தகுதியானவர்கள் குறைவு. கே. எஸ். ரவிகுமார் இயக்கிய அது 2008 ஜூன் 13 அன்று வெளியானது. கமல்ஹாசனுக்குப் பத்து வேடம். அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் உருவான கொலைக்கிருமி, அதைத் தேடி வரும் கொலைகாரன், நடுவில் ஒரு பெருமாள் சிலை, மூச்சு விடாத துரத்தல் என்று பிள்ளைகளை எழும்பவிடாமல் இருத்திவைக்க வேண்டிய எல்லாம் அதில் உண்டு. "விஞ்ஞானப் படம், பிள்ளையளோட இருந்து பாருங்கோ" என்று சொல்லத் தோன்றும்.

படத்தின் உண்மையான நாயகன் கடைசியில்தான் வருகிறான். கிருமிக் குப்பியை வில்லன் பிளெட்சர் விழுங்கிவிடுகிறான். கிருமியை அழிக்கத் தொன் கணக்கில் உப்பு வேண்டும். அந்த உப்பைக் கடலே கொண்டுவருகிறது. நாள் 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள். பத்துக் கமல்களாலும் ஆகாத காரியத்தை ஒரு அலை செய்து முடிக்கிறது, உலகம் பிழைக்கிறது. கதைக்கு உப்பு தேவைப்பட்ட இடத்தில் இத்தனை சிக்கனமாக ஒரு விடை கண்ட கற்பனையை மெச்சத்தான் வேண்டும்.

அந்த உப்பை எங்களுக்கும் தெரியும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிய மணல் துண்டாகக் கிடக்கும் நாவலடியில், போயா நாளான அந்த ஞாயிறு காலை, ஓட ஒரு பக்கமும் இருக்கவில்லை. முன்னால் கடல், பின்னால் வாவி. கல்லடிக் கரையிலும் வீடுகள் அத்திவாரத்தோடு போயின. மிஞ்சிய கிணறுகளுக்குள் இறங்கிய உப்பு பல மாதங்கள் குடிக்க விடவில்லை. உலகத்தைக் காத்த உப்பு அது என்று 2008 வரை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

படம் இறந்தவர்களை மறந்தது என்று சொன்னால் பாவம். கமலின் பத்து வேடங்களில் ஒன்றான பூவராகன் பிள்ளைகளைக் காப்பாற்றப் போய்த்தான் சாகிறான். கரையில் உடல்கள் கிடக்கின்றன. இத்தனை பேரைக் கொன்ற பிறகு கடவுளை எப்படி நம்புவது என்ற கேள்வியும் எழுகிறது. அதற்கு மேலும் ஒரு தாராளத்தைப் படம் காட்டியது. செத்தவர்களுக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். நிலவியலாளர்கள் எவரும் அவர்களுக்கு ஒரு காரணம் சொல்லத் துணியவில்லை. சுமத்ராவுக்கு அருகே கடலடித் தட்டு வழுக்கியது என்றார்கள், அவ்வளவுதான். தாயை அலைக்குக் கொடுத்த எட்டு வயதுப் பிள்ளை "அம்மா ஏன் செத்தவ?" என்று கேட்டால், படத்திடம் பதில் இருக்கிறது: உலகம் பிழைக்க. பெரியவர்கள் இதைக் கதை என்று தள்ளிவிடுவார்கள். பிள்ளை தள்ளாது. அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு வளரும்.

பிள்ளைகளுக்கு உகந்த படம் எது என்று அளப்பவர்களின் கண்பார்வையும் கூர்மையானது. முத்தம், இரத்தம், சிகரட் எதுவும் தப்பாது. 2010இல் 'எந்திரன்' வந்தது. தீப்பிடித்த கட்டடத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண்ணை ரோபோ உடையில்லாமல் எல்லார் முன்னும் தூக்கி வருகிறது. அவள் வெட்கம் தாங்காமல் ஓடி வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். இந்தியத் தணிக்கையில் எல்லா வயதுக்கும் உரிய 'யு' அதற்குக் கிடைத்தது. தராசு ஆடவே இல்லை. எட்டு வருடம் கழித்து வந்த '2.0' ஒரு கிழவர் செல்பேசிக் கோபுரத்தில் தூக்கில் தொங்குவதோடு தொடங்குகிறது. பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்று 'யு/ஏ' வழங்கினார்கள்.

அமெரிக்கர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஸ்பீல்பேர்க் எங்கள் கண்டியில் படமெடுத்த 'இந்தியானா ஜோன்ஸ்' சாகசத்தில் ஒருவனின் இதயத்தை உயிரோடு பிடுங்குவார்கள். பெற்றோர் கொதித்த பிறகு, 1984 ஜூலையில் 'பிஜி-13' என்ற புது வகுப்பு அங்கே பிறந்தது. இந்தியாவும் 2023இல் சட்டம் திருத்தி 7, 13, 16 என்று வயதை வகுத்தது. இலங்கையில் படங்களுக்கு அனுமதி தரும் சபையின் மூலச் சட்டம் 1912ஆம் ஆண்டினது. பேசும்படம் வருவதற்கு முன்பே வந்த சட்டம்! இத்தனை சபைகளுக்கும் பிள்ளையின் வயது தெரியும். பிள்ளை எந்தக் கரையில் வளர்கிறது என்று கேட்கும் அளவுக்கு அவர்கள் நாகரிகம் குறைந்தவர்கள் அல்லர். சென்னையின் ஏழு வயதும் நாவலடியின் ஏழு வயதும் அவர்களுக்கு ஒரே ஏழு.

அவர்களை விட மேலானவர்கள் வீட்டிலிருக்கும் நாங்கள். திரையில் கடல் எழும்பும்போது பிள்ளையின் கை எங்கள் சட்டையைப் பிடிக்கும். "பயப்பிடாத மனே, அது படம்தானே" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்போம். பிள்ளை பேசாமல் இருந்தால் படம் பிடித்துவிட்டது என்று மகிழ்வோம். அலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் தப்புவதில்லை. அம்மம்மாவின் அழுகையிலும் டிசம்பர் 26இல் ஏற்றும் மெழுகுதிரியிலும் அவர்களுக்கும் அந்தக் கடல் வந்து சேர்ந்துவிட்டது.

படம் எடுத்தவர்களின் கருணையில் ஒன்றை மட்டும் நான் மனதாரப் பிடித்துக்கொள்கிறேன். அலையைக் கடைசிக்கு வைத்தார்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது. படத்தை நிறுத்தி, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம், இனிக் கடல் வரப்போகிறது, பார்க்க விருப்பமில்லாவிட்டால் எழும்பிப் போகலாம் என்று சொல்ல அது போதும். அந்தக் கடல் யாரையும் காப்பாற்ற வரவில்லை, உன் அம்மம்மாவின் தங்கச்சி எதற்காகவும் சாகவில்லை, நிலம் வழுக்கியது, தண்ணீர் வந்தது என்று சொல்லவும் போதும்.