நடுத்தெரு

நகரத்தைச் சுற்றிப் புதிய பேட்டைகள் நாளுக்கு நாள் பெருகிவரும்போது, நடுவிலுள்ள பழைய கடைவீதிகளுக்குப் பணம் ஒதுக்குவது, பணத்தை நடுத்தெருவில் கொட்டுவதாகாதா?

நடுத்தெருவுக்குக் கொடுக்க மனமில்லாத நகரம், பிற்காலத்தில் தானே நடுத்தெருவில் நிற்க நேரும், நண்பரே!

தென்கொரியாவின் சியோல் நகரத்தில், ஓடையொன்றைக் கான்கிரீட்டினால் மூடி, அதன்மேல் மேம்பாலச் சாலையையும் எழுப்பி, அதனையே அபிவிருத்தியென்று நம்பியிருந்த காலத்தில், வர்த்தகமானது ஹான் நதிக்குத் தெற்கே புதிதாய் எழுந்த கங்நாம் பகுதிக்குச் சிறிது சிறிதாகப் பெயர்ந்துபோக, 600 ஆண்டுப் பெருமையுடைய பழைய நகரத்தின் மத்திய பாகம் களையிழந்து நின்றது. 2003 ஜூலையில் பாலத்தை இடிக்கத் தொடங்கியவர்கள், 2005 அக்டோபரில், ஏறக்குறைய 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு அவ்வோடையை ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். இயற்கை நீர் போதாமையால் ஹான் நதி நீரை யந்திரங்கொண்டு இறைத்தே விடவேண்டியிருக்கிறது. அந்தச் செலவு ஓயாது. ஆயினும், வாகனப் புகை சூழ்ந்திருந்த இடத்தில் இன்று குழந்தைகள் தண்ணீரில் கால் நனைக்கிறார்கள். அது வீண் செலவென்று சொல்ல என் மனம் இசையவில்லை.

அங்கே பிழைத்துவந்த நடைபாதை வியாபாரிகள் என்னவானார்கள்?

கேட்கவேண்டிய கேள்வி. அவர்களில் பலரை டோங்டேமுன் விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிக்கப்பட்டது.