முயல் சாறு

குழித்துறையில் வந்து “முயல் சாறு வீடு எது?” என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். வெளியூர்க்காரர்கள் சூப்புக் கடை என்று நினைத்து வந்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் வாத்தியாரைச் ‘சாறு’ என்போம். இவர் கணக்குச் சாறு. ரிட்டயர் ஆன பிறகு முயல் சாறு.

ஊருக்கு ஊர் ஒரு சமாதானக்காரர் உண்டல்லவா? சீட்டுப்பணத் தகராறு, மாமியார் மருமகள் சண்டை, கல்யாண வீட்டில் இரண்டாம் தடவை பாயசம் வராத கோபம் என்று எதுவானாலும் கூப்பிடாமலே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்களே, அந்த இனம். ஊரையே சேர்த்து வைத்தவருக்குக் கூடப்பிறந்த தம்பியிடம் மட்டும் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவே கிடக்கும் ஒன்றேகால் சென்ட் மண்ணும் அதில் நிற்கும் ஒற்றைத் தென்னையும் காரணம். கோர்ட்டு உள்ளூரிலேயே இருப்பதால் பஸ் செலவில்லாமல் கேஸ் நடக்கிறது.

போன ஆடியில் வாவுபலிப் பொருட்காட்சிக்கு ரம்புட்டான் கன்று வாங்கப் போன சாறு, திரும்பும் வழியில் ஒரு வெள்ளை முயலை வாங்கி வந்தார். ஒரு மாதம் கழித்து, “அதுக்கு முகம் வாடிக் கெடக்கு. தனிமையாக்கும்” என்று சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டையையும் வாங்கி, நேராகக் கூட்டைத் திறந்து உள்ளே விட்டார். மாலை மாற்றிக்கொள்ளும் என்று நினைத்தார் போல. அரை நிமிஷத்தில் இலவம்பஞ்சுத் தலையணை பிரிந்த மாதிரி கூடெல்லாம் ரோமம். சாம்பலின் காதில் ரத்தம்.

அதன் பிறகுதான் படிப்பு ஆரம்பித்தது. முயலுக்குத் தாடையின் கீழே வாசனைச் சுரப்பி உண்டு. எதில் தாடையைத் தேய்க்கிறதோ அதற்குப் பட்டா ஆகிவிட்டது என்று அர்த்தம். வெள்ளையன் வீட்டில் எல்லாவற்றையும் தேய்த்து முடித்திருந்தான்: பிரிட்ஜ், கட்டில் கால், சாறின் பெருவிரல் உட்பட. முதலில் அவனுக்கு மாட்டு டாக்டரிடம் காயடிப்பு. அது முடிந்தும் ஒரு மாதம் பிரித்து வைக்க வேண்டுமாம், பழைய வீரியம் மிச்சம் இருக்குமாம். முயலுக்குக் கர்ப்பம் முப்பத்தோரு நாள், ஒரு ஈற்றில் ஆறேழு குட்டி. கணக்குச் சாறு அல்லவா, பெருக்கிப் பார்த்து நடுங்கிவிட்டார். இரண்டு கூட்டையும் நாலு விரல் இடைவெளியில் வைத்தார். காலையில் இதைத் துடைத்த தோர்த்தை ராத்திரி அதன் கூட்டில் போட்டார். சாறின் மனைவி டீச்சர் ஒருநாள் தெரியாமல் அதே தோர்த்தை அவருக்குக் குளிக்க எடுத்துக் கொடுத்தது தனிக் கதை.

அடுத்தது, இரண்டுக்கும் சொந்தமில்லாத ஒரு பொது இடம். வீட்டுக்குள் ஏது? மிச்சம் இருந்தது அந்த ஒன்றேகால் சென்ட்தான். இரு தரப்பாரும் அங்கே எதுவும் கட்டக்கூடாது என்று தடை உத்தரவு இருக்கிறது. முயலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழைய மீன்வலையால் ஒரு வளையம், நடுவே இரண்டு முயல், வெளியே ஸ்டூலில் சாறு. கையில் சுளவு. ஒன்று பின்னங்காலால் தரையை அறைந்தால், சுளவு நடுவில் இறங்கும். முதல் நாள் பத்து நிமிஷம். பிறகு கால் மணி, அரை மணி.

பத்தாம் நாளோ என்னவோ, இரண்டும் முகத்துக்கு முகம் தலையைத் தாழ்த்தி அசையாமல் இருந்தன. “அடக்கம் வந்துட்டு சாறே” என்றேன்.

“மரியாதைன்னு நினைக்காதேயும் ஓய். ‘எனக்கு நக்கி விடு’ன்னு உத்தரவாக்கும் அது. ரெண்டுக்கும் ஒரே கெத்து. ஒண்ணு எறங்கி வந்தாத்தான் ஒறவு.”

மதிலுக்கு அந்தப் பக்கம் பைக் துடைத்துக்கொண்டிருந்த தம்பியின் கை ஒரு நொடி நின்றதை நான் பார்த்தேன். சாறு பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்தார்.

இன்னொரு நாள் முருங்கைக் கீரை கிடைக்காமல், சாறு மரச்சீனி இலையை ஒடித்து நீட்டினார். மதிலுக்கு மேலே ஒரு குரல் பாய்ந்தது: “மரச்சீனி எலை குடுக்கப்பிடாது! வெஷமாக்கும்!”

தம்பிதான். ஆனால் தென்னையைப் பார்த்துச் சொன்னார். சாறு இலையைத் தூரப் போட்டுவிட்டு வெள்ளையனிடம், “கேட்டியாலே? திங்கப்பிடாதாம்” என்றார். பதினோரு வருஷத்தில் அண்ணன் தம்பி பேசியது இவ்வளவுதான். அதுவும் ஒரு தென்னையும் ஒரு முயலும் இடையில் நின்று மொழிபெயர்த்தது.

ஆறாவது வாரம் சாம்பல்காரி தலையைத் தாழ்த்த, வெள்ளையன் அவள் நெற்றியை நக்கினான். அப்படியே ஒட்டிப் படுத்துவிட்டன. சாறு சுளவைக் கீழே வைத்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார். டீச்சர் வருவதற்குள் வெள்ளையன் எழுந்து போய், சர்வேக் கல்லில் மூன்று தடவை தாடையைத் தேய்த்துவிட்டு வந்தான்.

இப்போது அந்த மண்ணுக்கு உரிமை கேட்பவர் மூன்று பேர். கேஸ் அடுத்த மாதம் 14-ஆம் தேதிக்கு வாய்தா.