விழுந்தபின் கிடைத்த பாத்தியதை

நகராட்சி ஆணையர் அவர்களின் திவ்விய சமூகத்திற்கு, வீட்டு வரியைத் தவணை தவறாமல் செலுத்திவரும் பிரஜை ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

சென்ற வாரத்துப் பெருங்காற்றில், என் மதிற்சுவருக்கு வெளியே சாலையோரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேரோடு சாய்ந்து வழியை அடைத்துக்கொண்டதையும், அதை மூன்று தினங்களுக்குள் சொந்தச் செலவில் அப்புறப்படுத்தாவிட்டால் அபராதம் என்று தாங்கள் அனுப்பியருளிய அறிவிப்பு என் கதவில் ஒட்டப்பட்டதையும் தெருவே அறியும். அம்மரம் என்னுடையது என்ற சந்தோஷ சமாசாரம், அது மாண்ட பிறகே எனக்குத் தெரிவிக்கப்பட்டதில்தான் சிறிது மனத்தாங்கல்.

ஏனெனில், முன்னொரு சமயம் அதன் கிளை என் ஓட்டுக்கூரையை உரசியபோது, அதைக் கழித்துவிட அனுமதி வேண்டி வந்த என்னிடம், சாலையோர மரம் சர்க்கார் சொத்து, ஓர் இலையைக் கிள்ளினாலும் குற்றம் என்று தங்கள் காரியாலயத்தார் உபதேசித்ததோடு நில்லாமல், ஆளனுப்பி அடிமரத்துக்கு வெள்ளையடித்து அதன்மேல் எண்ணும் எழுதிப் போனார்கள். விழும் நிலையிலுள்ள மரத்தை அகற்றவோ, அதற்கு முட்டுக்கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133-ஆம் பிரிவாக இருந்து, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 152-ஆம் பிரிவாகப் புனர்ஜன்மம் எடுத்திருக்கிறது. அக்கட்டளை மரத்தை உடையவருக்கோ, வசத்தில் வைத்திருப்பவருக்கோ உரியது என்றுதான் இரு ஜன்மங்களிலும் காண்கிறதேயன்றி, அது விழுகிற திசையில் குடியிருப்பவருக்கு என்று நான் தேடியவரையில் காணோம்.

மரம் விழுந்த காரணத்தையும் தங்கள் கவனத்துக்குக் கொணர்கிறேன். சென்ற கோடையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய இயந்திரம் ஒரு பக்கத்து வேர்களையெல்லாம் அறுத்தெறிந்தது. எஞ்சியவற்றுக்கு நீரோ காற்றோ இறங்காதபடி, பின்னால் வந்தவர்கள் அடிமரத்தை ஒட்டியே கான்கிரீட் பூசினார்கள். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வேரோட மண்ணில்லாத மரத்தின் கதியைத் தமிழகமே பார்த்தது. தங்கள் பொறியாளர் அன்று விடுப்பில் இருந்தார் போலும்.

இன்னொரு சந்தேகம். அறிவிப்பு ஒட்டப்பட்ட அன்று மாலையே லாரி ஒன்று வந்து, விலைபோகும் அடிமரத்தை மட்டும் துண்டுபோட்டு ஏற்றிக்கொண்டு சென்றது, ஏலத்துக்காம். நெடுஞ்சாலைப் புளியமரங்களின் மகசூலே ஏலம் போகிற தேசத்தில் அதற்கு நான் ஆட்சேபம் சொல்வேனா? ஆயினும், கட்டை தங்களுக்கு, கிளையும் தழையும் எனக்கு என்ற இந்தப் பாகப்பிரிவினை எந்தப் பத்திரத்தின்படி நடந்தது என்று தெரிவித்து, அதன் நகலொன்றும் தயவுசெய்து கொடுத்தால், சந்ததியாருக்காகப் பத்திரப்படுத்தி வைப்பேன்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். என் வாசலுக்கு எதிரே தங்கள் தெருவிளக்குக் கம்பமும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வாசலுக்கு எதிரே விழுவதெல்லாம் வீட்டுக்காரனைச் சேரும் என்பதே விதியானால், அதற்குரிய அறிவிப்பையும் இப்போதே ஒட்டிவிடுங்கள். மரம் வெட்ட வருகிற ஆட்களிடமே அதற்கும் சேர்த்துக் கூலி பேசிவிடுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
தழைகளின் உரிமையாளன்