ஒரு சொட்டு ரத்தம், நாலு அலுவலகம்

அனுப்புநர்:
விரலை நீட்டிக்கொண்டு நிற்கும் குடிமகன்,
மெடிக்கல் ஷாப் வாசல்,
பேருந்து நிறுத்தம் எதிரில்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை.

பொருள்: மருந்துக் கடைகளில் விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பது – தாங்கள் அந்தப் பக்கம் பாராமல் இருப்பதற்கு நன்றி கூறுதல் – தொடர்பாக.

பார்வை: 1. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940.
2. கடை வாசலில் தொங்கும் ‘இங்கு சுகர், பிபி பார்க்கப்படும்’ அட்டை.

ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் சட்டம் மாத்திரைக்குத் தரும் மரியாதையைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மருந்துக் கடை வைக்கப் படிவம் 20, படிவம் 21 என்று உரிமம் எடுக்க வேண்டும். எடுத்ததை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். டாக்டர் எழுதிய மருந்தைப் பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எச்1 பட்டியலில் உள்ள ஆன்டிபயாட்டிக் ஒன்றை விற்றால், எழுதிக் கொடுத்த டாக்டர் யார், நோயாளி யார், மருந்து எது, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காப்பாற்ற வேண்டும்.

அதே கடையில், அதே கல்லாவுக்கு முன்னால், என் உடம்பில் ஓட்டை போட்டு ரத்தம் எடுக்க என்னென்ன வேண்டும் என்று பார்த்தேன். ஒரு மீட்டர், ஒரு ஊசிப் பேனா, கொஞ்சம் பஞ்சு. நாற்காலிகூடக் கட்டாயமில்லை, நின்றபடியே குத்திக்கொள்கிறோம். தாங்கள் நேரில் வந்தால் கடைக்காரர் சுதாரித்துக்கொள்வார் என்பதால், வழக்கமாக நடப்பதை நானே தங்கள் மேலான பார்வைக்கு வைக்கிறேன்.

காலை பத்தரை மணி. ஓர் ஆட்டோக்காரர் வண்டியை ஆஃப் செய்யாமலே இறங்கி வருகிறார்.

“தம்பி, ஒரு சுகர் பாத்து வுடு.”

“சாப்ட்டீங்களாண்ணே?”

“இல்லப்பா, வெறும் டீ.”

“சக்கரை போட்டா?”

“பின்ன, உப்புப் போட்டா?”

“வடை?”

“ஒண்ணே ஒண்ணு.”

தம்பி மருந்தாளுநர் அல்லர். மருந்தாளுநர் சுவரில் இருக்கிறார், கண்ணாடி போட்ட சான்றிதழாக. தம்பி பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு விரலைத் துடைத்து, அது காய்வதற்குள் ‘டக்’கென்று குத்துகிறார். ரத்தம் எட்டிப் பார்க்கவில்லை. விரலை அடியிலிருந்து நுனி வரை பிழிகிறார். வந்த முதல் சொட்டையே ஸ்ட்ரிப்பில் காட்டுகிறார். ஐந்து விநாடி. “அண்ணே, எரநூத்து முப்பத்தாறு!” என்று, அடுத்த கடைக்கும் சேர்த்தே அறிவிக்கிறார்.

உடனே மருத்துவ வாரியம் கூடுகிறது. கிரைப் வாட்டர் வாங்க வந்த அம்மா வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கச் சொல்கிறார். தலைவலித் தைலம் வாங்க வந்தவர், “இதெல்லாம் ஒரு சுகரா? எங்க மாமாவுக்கு நானூறு” என்று குடும்பப் பெருமை பேசுகிறார். தம்பி ஒரு மாத்திரைப் பெட்டியின் மூடியைக் கிழித்து, உள்பக்கம் ‘236’ என்று எழுதி நீட்டுகிறார். தேதி இல்லை, நேரம் இல்லை, வடையைப் பற்றிய குறிப்பும் இல்லை. “கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கு. இப்ப போடறதோட இதையும் ஒண்ணு போட்டுப் பாருங்கண்ணே.” டாக்டரின் மேற்பார்வையில்லாமல் சாப்பிடுவது ஆபத்து என்று அச்சடித்த அட்டையிலிருந்து பத்து மாத்திரை கத்தரிக்கப்படுகிறது. வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இங்கே ஓணானிடம் பில் புத்தகமும் இருக்கிறது.

அந்த 236-க்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சொல்கிறேன். ஸ்பிரிட் காயாவிட்டால் ரத்தத்தோடு கலந்து அளவைக் கெடுக்கும். அழுத்திப் பிழிந்தால் திசுநீர் சேர்ந்து ரத்தத்தை நீர்க்கச் செய்யும். அவர் வடைக்குப் பதில் வாழைப்பழம் உரித்துவிட்டுக் கை கழுவாமல் வந்திருந்தால், விரலில் ஒட்டிய சர்க்கரையும் கணக்கில் ஏறியிருக்கும். பழத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்போம். ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு நொதி. வெப்பமும் ஈரக்காற்றும் அதற்கு ஆகாது. அதனால்தான் டப்பாவை உடனே மூடு என்று கம்பெனிக்காரன் அச்சடித்து வைத்திருக்கிறான். எங்கள் கடை டப்பா, அக்னி நட்சத்திர வெயிலிலும் வாயைத் திறந்தபடி கல்லா மேல் காற்று வாங்குகிறது.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் மீட்டருக்கு ஒரு சலுகை உண்டு. ஐஎஸ்ஓ 15197 என்ற சர்வதேசத் தரம், 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் முன்னே பின்னே காட்ட அனுமதிக்கிறது. நூற்றில் 95 முடிவுகள் அதற்குள் இருந்தால் போதும். உண்மையில் 200 இருப்பவருக்கு ஒரு மீட்டர் 170 என்றும், இன்னொன்று 230 என்றும் காட்டலாம். இரண்டும் நல்ல மீட்டர்தான். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர் அன்றாடம் ஏற்ற இறக்கம் பார்க்க இது தாராளமாகப் போதும். ஒருவருக்கு நோய் உண்டா இல்லையா என்று தீர்ப்பெழுதப் போதாது. அதற்கு லேபில் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, வெறும் வயிற்றில் 126-ஐ எட்டுகிறதா, மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 6.5-ஐத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஊசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரைக் குத்திய பேனாவை இன்னொருவருக்குப் பயன்படுத்தாதீர்கள், ஊசியை மட்டும் மாற்றினாலும் போதாது, ஹெபடைடிஸ் பி போன்றவை ரத்தத்தின் வழியே தொற்றும் என்று அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2010-லேயே எச்சரித்துவிட்டது. எங்கள் கடைப் பேனா சமத்துவம் பேணுவது. சாதி, மதம், ரத்த வகை எதையும் அது பார்ப்பதில்லை.

இதை யாரிடம் முறையிடுவது என்று யோசித்தபோதுதான் அரசின் விசாலம் புரிந்தது. மாத்திரை விற்பதைக் கேட்டால் தங்கள் துறை. ரத்தம் பார்ப்பது லேப் வேலை என்றால், மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் போக வேண்டும். மீட்டர் சரியில்லை என்றால் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகள். அதற்கு டெல்லியைப் பார்க்க வேண்டும். குத்திய ஊசியை எங்கே போடுவது என்பது 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளில் வருகிறது. அது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். ஒரு சொட்டு ரத்தம், நாலு அலுவலகம். கோப்பு நாலையும் சுற்றி வருவதற்குள் ரத்தம் உறைந்துவிடும்.

“அப்படியானால் தடை போட்டுவிடுவோம்” என்று தாங்கள் ஜீப்பைக் கிளப்பிவிடக் கூடாது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசற்படியில் என்று ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல் சொல்லியிருக்கிறது. அரசு சும்மா இருக்கவில்லை என்பதும் தெரியும். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே வந்து பார்க்கிறது. ஆனால் அவர்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் ஆட்டோக்காரர் ஸ்டாண்டில் இருக்கிறார். ஜிஎச்சில் ஓபி சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் பாதி நாள் சவாரி போச்சு. மெடிக்கல் ஷாப்தான் இரவு பத்து மணிக்கும் திறந்திருக்கிறது, “நாளைக்கு வா” என்று சொல்லாமல் இருக்கிறது. தம்பி குத்திய பிறகுதான் தனக்குச் சர்க்கரை என்ற சந்தேகமே வந்து டாக்டரிடம் போனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கடையை மூடினால் இவர்கள் லேபுக்குப் போய்விட மாட்டார்கள், பார்ப்பதையே விட்டுவிடுவார்கள்.

ஆகவே, மாத்திரைக்குத் தரும் மரியாதையில் கால் பங்கை விரலுக்கும் தரும்படிக் கீழ்க்காணும் கோரிக்கைகளைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்:

1. குத்துமுன் கை கழுவ ஒரு குழாய். இல்லையென்றால் ஒரு சொம்புத் தண்ணீரும் சோப்புத் துண்டும்.

2. ஒருமுறை குத்தியதும் தூக்கிப் போடும் ஊசியை என் கண் முன்னால் பிரிக்க வேண்டும். இளநீரையே நம் எதிரில்தான் சீவுகிறார்கள்.

3. ஸ்ட்ரிப் டப்பாவில் திறந்த தேதி எழுதி, மூடி போட்டு வைக்க வேண்டும்.

4. பெட்டி மூடிக்குப் பதில் ஒரு சீட்டு. அதில் தேதி, நேரம், சாப்பிட்டது என்ன, குத்தியவர் பெயர். கீழே தமிழில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில்: ‘இது நோயை உறுதி செய்யும் பரிசோதனை அல்ல. டாக்டரைப் பாருங்கள்.’

5. குத்திய ஊசிக்கு, விதியில் சொன்ன துளைபடாத வெள்ளை டப்பா. மறுநாள் காலை குப்பை அள்ளும் அம்மாவுக்கும் விரல்கள் இருக்கின்றன.

6. எண்ணை ஏலம் விடக் கூடாது.

7. குத்தியவர் அதே மூச்சில் புது மாத்திரை விற்கக் கூடாது.

நாலு அலுவலகத்தில் எது இதற்குப் பொறுப்பு என்று முடிவாகும்வரை, நாலுமே பொறுப்பு என்று வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
குடிமகன்.

(கையெழுத்தோடு பெருவிரல் ரேகையும் வைக்கலாமென்று இருந்தேன். தம்பி இன்று அந்த விரலில்தான் குத்தினார்.)